தலையணைக் கணக்கு

வெளிநாட்டுப் பிரயாணத்துக்குப் பணம் வேண்டும், விடுமுறை வேண்டும், பாஸ்போர்ட் வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இந்த மூன்றும் கிடைத்த பிற்பாடு நான்காவதாக ஒன்று வேண்டியிருக்கிறது. அதைப் பற்றி ஒருவரும் பிரஸ்தாபிப்பதில்லை. எங்கே போவது என்பதில் கணவனும் மனைவியும் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். தனி மனிதர் போவதாயிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு தேசப் படத்தின் மேல் விரலை வைத்துவிட்டுக் கிளம்பலாம். குழந்தை குட்டிகளோடு போவதாயிருந்தால், அவை எங்கே அழாமல் இருக்குமோ அங்கே போகவேண்டியதுதான். இரண்டு பேர் மட்டும், ஒரு மாத காலம், சேர்த்து வைத்த பணம் அவ்வளவையும் எடுத்துக்கொண்டு புறப்படுவதென்றால் அப்போதுதான் தெரிகிறது, இருபத்திரண்டு வருஷம் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தவர்கள் உலகத்தைப் பற்றி எவ்வளவு வெவ்வேறான ஆசைகளை வைத்துக்கொண்டிருந்தார்கள் என்பது!

நாங்கள் கும்பகோணத்து உபாத்தியாயர்கள். நான் சரித்திரம் சொல்லிக் கொடுக்கிறேன். என் மனைவி வேறொரு பள்ளிக்கூடத்தில் கணிதம். எங்கள் பெண் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு, பத்து வருஷமாகத் தபாலாபீஸில் மாதந்தோறும் கட்டி வந்த பணத்தை எடுத்தோம். முதலும் வட்டியுமாக ஐந்து லட்சத்துக்குச் சற்று மேலே இருந்தது. அந்தப் பணத்தில் வீட்டுக்கு ஒரு மாடி எடுத்துவிடலாம் என்று உறவினர்களிடையே ஒரு கட்சி பலமாக இருந்தது. "மாடி எங்கேயும் ஓடிப் போகாது, நம்முடைய முழங்கால்தான் ஓடிப் போய்விடும்" என்று என் மனைவி சொன்னதும் அந்தக் கட்சி தோற்றது.

முதலில் ஐரோப்பா என்றுதான் பேச்சு எழுந்தது. கடல் கடந்து போவதென்றால் லண்டனையும் பாரிஸையும் பார்த்துவிட்டு வருவதுதான் மரியாதை என்று நம்மவர்களுக்கு ஓர் எண்ணம் ஊறிக் கிடக்கிறது. பிரயாண ஏஜெண்டு ஒருவர் வர்ணப் படங்கள் போட்ட விளம்பரப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தார். பன்னிரண்டு நாளில் எட்டுத் தேசம். காலையில் ஒரு தேசத்தில் பலகாரம், மாலையில் வேறொரு தேசத்தில் சாப்பாடு. எங்கள் கையிருப்பு ஏறக்குறைய முழுவதும் அதற்குச் சரியாகிவிடும். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவாகக் கொடுக்கப்படும் ஷெங்கன் விசாவுக்கு 2024 ஜூன் முதல் ஆளுக்குத் தொண்ணூறு யூரோ கட்டணம். விசா கிடைக்காவிட்டால் பணம் திரும்பாது. என் மனைவி அந்தப் புத்தகத்தின் பின்னட்டையில் பென்சிலால் கணக்குப் போட்டாள். ஐரோப்பாவில் பன்னிரண்டு நாளுக்கு ஆகும் செலவில் கீழ்த்திசை நாடுகளில் முப்பது நாள் இருக்கலாம். மிச்சமும் கொஞ்சம் இருக்கும். ஐரோப்பா அன்றைக்கே பரணுக்குப் போய்விட்டது. கணிதம் படித்தவர்களோடு வாழ்வதில் உள்ள சௌகரியம் இதுதான், துக்கம் நீடிப்பதில்லை.

அப்புறம் இருவரும் தனித் தனியே ஒரு காகிதத்தில் அவரவர் ஆசையை எழுதுவது, ஒருவர் எழுதுவதை மற்றவர் எட்டிப் பார்க்கக் கூடாது என்று ஏற்பாடு. இதை எல்லாத் தம்பதிகளுக்கும் நான் சிபாரிசு செய்வேன். பேசித் தீர்மானிக்கிறோம் என்று உட்கார்ந்தால், யாருடைய குரல் உரக்க இருக்கிறதோ அவருடைய ஊருக்குத்தான் டிக்கெட் வாங்கும்படி ஆகும். எங்கள் வீட்டில் அது யாருடைய குரல் என்பது இங்கே அவசியமில்லை.

என் காகிதத்தில் பதினான்கு ஊர்கள் இருந்தன. கடாரம் என்று நம் கல்வெட்டுகள் சொல்லும் கெடா, ஜாவாவில் பிரம்பானன், போரோபுதூர், தியெங் மேட்டுநிலத்துக் கோயில்கள், கிழக்கு ஜாவாவில் ராமாயணமும் கிருஷ்ண சரித்திரமும் செதுக்கிய பெனத்தரான், பாலித் தீவு, வியட்நாமில் சம்பா ராஜ்யத்தின் மி சோன், நா டிராங் நகரத்துப் போ நகர் கோயில், கம்போஜத்தில் அங்கோர், மலை விளிம்பில் நிற்கும் பிரியா விஹார் - இப்படியே போயிற்று. சரித்திர வாத்தியார் பசியோடு இருந்து எழுதிய ஜாபிதா என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

அவள் காகிதத்தில் மூன்றே வரிகள். முதல் வரி: சித்ரா பௌர்ணமியன்று போரோபுதூரில் இருக்க வேண்டும். இரண்டாவது: ஏதாவது ஒரு கடலோர ஊரில் ஒரு வாரம் ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும். மூன்றாவது வரிதான் என்னைத் திகைக்க வைத்தது: "தலையணை ஐந்துக்கு மேல் கூடாது."

விளக்கம் கேட்டேன். பள்ளிக்கூடத்தில் கரும்பலகையின் முன்னால் நின்று சொல்வது போலச் சொன்னாள்: "ஓர் ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போவதற்கு ஒரு நாள் முழுவதும் போய்விடும். பெட்டி கட்ட வேண்டும், அறையைக் காலி செய்ய வேண்டும், விமான நிலையத்தில் மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும். போய் இறங்கினால் மறுபடியும் எந்த விளக்குக்கு எந்த விசை என்று தேட வேண்டும். முப்பது நாளில் பதினான்கு ஊர் என்றால், ஊர்களைப் பார்க்கப் பதினாறு நாள்தான் மிச்சம். ஆகவே ஊர்களை எண்ணாதீர்கள். ராத்திரி தலை வைக்கும் தலையணைகளை எண்ணுங்கள்." இதற்கு என்ன பதில் சொல்வது? பதினான்கில் ஒன்பதை வெட்டும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

முதல் வரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவள் மதுரையில் பிறந்தவள். அழகர் ஆற்றில் இறங்கும் சித்ரா பௌர்ணமிக்கு வருஷம் தவறாமல் தாய் வீடு போய்விடுவாள். கல்யாணமானதிலிருந்து அவள் தவற விட்ட வருஷங்கள் ஒரு கை விரலுக்குள் அடங்கும். 2025-ஆம் வருஷத்தில் சித்ரா பௌர்ணமி மே 12-ஆம் தேதி வந்தது. அதே நாளைத்தான் ஜாவாவில் புத்தர் பெருமானின் திருநாளாக, 'வைசாக்' என்று கொண்டாடினார்கள். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக உள்ள இந்தோனேஷியா தேசம் அந்த நாளை 1983 முதல் பொது விடுமுறையாக வைத்திருக்கிறது. பஞ்சாங்கத்தைப் புரட்டும்போது இரண்டும் ஒரே நாளில் வருவதைப் பார்த்திருக்கிறாள். வைகையை விட்டுக்கொடுக்கிறாள் என்றால் அதற்கு ஈடாக அங்கே ஒன்று இருக்க வேண்டும் அல்லவா? அந்த வரியில் கைவைக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

மூன்றாவது ஓட்டு ஒன்றும் இருந்தது. அது என் அன்னையுடையது. அம்மாவுக்கு அப்போது வயது எண்பத்தாறு. எங்கள் பிரயாணத்துக்கு இருந்த பெரிய தடையே அம்மாதான் என்று ஊரார் பேசிக்கொண்டார்கள். ஒரு மாதம் விட்டுவிட்டுப் போகிறார்களே, ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் என்ன செய்வார்கள் என்பது அவர்கள் கேட்காமல் கேட்ட கேள்வி. எங்களுக்கும் ராத்திரி தூக்கம் வராமல் செய்த கேள்வி அதுதான். மாயவரத்திலிருந்து என் தமக்கை வந்து இருப்பதாக ஒப்புக்கொண்டாள். எந்த ஊரில் இருந்தாலும் இருபத்து நாலு மணி நேரத்துக்குள் கும்பகோணத்துக்கு வந்து சேரும்படி இருக்க வேண்டும் என்று நாங்கள் ஒரு விதி செய்துகொண்டோம். தியெங் மேட்டுநிலமும் பிரியா விஹாரும் இந்த விதியினால்தான் முதலில் விழுந்தன. பிரியா விஹார் கம்போஜத்துக்கே சேர்ந்தது என்று 1962-இல் சர்வதேச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியும் தாய்லாந்தோடு பூசல் தீர்ந்தபாடில்லை. நாங்கள் திரும்பி வந்த இரண்டாம் மாதம், ஜூலையில், அந்த எல்லையில் பீரங்கிகள் முழங்கின.

அம்மா எங்களைத் தடுக்கவில்லை. "பினாங்குக்குப் போவீர்களா?" என்று மட்டும் கேட்டாள்.

அம்மாவின் தகப்பனார் 1939-இல் நாகப்பட்டினத்தில் 'ரஜுலா' கப்பல் ஏறிப் பினாங்கு போனவர். சென்னையிலிருந்து புறப்பட்டு நாகப்பட்டினத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டு பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போய்வந்த அந்தக் கப்பலைத் தஞ்சை ஜில்லாவில் அறியாத குடும்பம் அபூர்வம். பாட்டனாருக்குச் செட்டியார் கிட்டங்கி ஒன்றில் கணக்கெழுதும் வேலை. மூன்று வருஷத்துக்குப் பேச்சு. அம்மா அப்போது கைக்குழந்தை. 1941 டிசம்பரில் ஜப்பானியர் பினாங்கின் மேல் குண்டு வீசி ஊரைப் பிடித்துக்கொண்டார்கள். கடிதம் நின்றது, பணம் நின்றது, ஆள் உயிரோடு இருக்கிறாரா என்பதே தெரியாமல் போயிற்று. 1946-இல் ஒரு நாள் காலையில் தகரப் பெட்டியோடு திண்ணையில் வந்து உட்கார்ந்தவரைப் பார்த்து, ஏழு வயதுப் பெண்ணான அம்மா உள்ளே ஓடி, "யாரோ வந்திருக்கிறார்" என்று சொன்னாளாம்.

ஆகவே பினாங்கு முதல் தலையணை ஆயிற்று. கெடா அதற்கு வெகு சமீபம் என்பதால் என் கட்சிக்கும் ஓர் ஊர் கிடைத்துவிட்டது. பிரயாண ஏற்பாட்டில் இப்படி ஒரே கல்லில் இரண்டு மாங்காய் விழும் இடங்களைத் தேடிப் பிடிப்பதே பாதி வித்தை.

அடுத்தது பருவம். உபாத்தியாயர்களுக்குக் கோடை விடுமுறை ஒன்றுதான் கதி. ஏப்ரல் கடைசிக்கு முன்னால் நகர முடியாது. ஜூன் ஆரம்பத்தில் பள்ளிக்கூடத்தில் ஆஜராக வேண்டும். மே மாதத்தில் எந்தத் தேசம் எப்படி இருக்கும்? ஜாவாவில் மழைக்காலம் முடிந்து உலர்காலம் தொடங்கும் சமயம். வியட்நாமின் நடுப்பகுதியில் வெயில் கொளுத்தும். ஆனால் மழை செப்டம்பருக்கு மேல்தான். கம்போஜத்தில் ஏப்ரல் அனல். மே மாதத்தில் பிற்பகல் மழை ஆரம்பிக்கும். மாதம் செல்லச் செல்ல வெம்மை தணியும். அதனால் கம்போஜம் கடைசியில். ஏப்ரல் 30-ஆம் தேதியோ வியட்நாமியர் யுத்தம் முடிந்த ஐம்பதாவது வருஷத்தைக் கொண்டாடும் நாள். அந்த வாரத்தில் அங்கே ரயிலிலும் விடுதியிலும் கால் வைக்க இடம் இராது. ஆகவே வியட்நாம் ஜாவாவுக்குப் பிறகு. மே 12 போரோபுதூரில் ஆணி அடித்தாற்போல் நின்றுவிட்டதால் மற்றவை அதன் இரு பக்கமும் தாமாகவே அடுக்கிக்கொண்டன. பினாங்கு ஆறு இரவு, போரோபுதூர்க் கிராமம் ஐந்து, யோக்யகர்த்தா நாலு, ஹோய் ஆன் ஒரு வாரம், அங்கோருக்குப் பக்கத்துச் சியெம் ரீப் ஆறு; வழியில் விமானங்களுக்காகச் செலவாகும் இரவுகள் இரண்டு.

இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. நாங்கள் பஞ்சாங்கத்தையும் மழைக் கணக்கையும் வைத்துக்கொண்டு செய்ததைத்தான் ஆயிரம் வருஷத்துக்கு முன் நாகப்பட்டினத்து வணிகர்களும் செய்தார்கள். காற்று ஒரு பக்கம் அடிக்கும்போது போக வேண்டும்; அது திரும்பும் வரையில் அக்கரையில் காத்திருக்க வேண்டும். பலப்பல மாதங்கள். கடாரம் போன்ற துறைமுகங்கள் செழித்ததற்கு இந்தக் காத்திருத்தலும் ஒரு காரணம். அவர்களும் தலையணையை அதிகம் மாற்றவில்லை.

வெட்டுப்பட்டவற்றில் பாலிக்காகப் பிறர் துக்கப்பட்டார்கள். பெனத்தரானுக்காக நான் துக்கப்பட்டேன். "ஜாவா வரை போய்விட்டுப் பாலிக்குப் போகாமலா?" என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். ஆறாவது தலையணை என்று பதில் சொன்னால் யாருக்கும் புரிவதில்லை.

காகித வேலையைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. மலேசியா 2023 டிசம்பர் முதல் நம்மவர்களை முப்பது நாள் வரை விசா இல்லாமல் அனுமதிக்கத் தொடங்கியது. வியட்நாம் 2023 ஆகஸ்டில் தன் மின்விசாவின் காலத்தைத் தொண்ணூறு நாளாக்கியது. இந்தோனேஷியாவுக்கும் கம்போஜத்துக்கும் வீட்டிலிருந்தபடியே மின்விசா வாங்கினோம். நாலு அயல் தேசங்களின் அனுமதி சில தினங்களில் கைக்கு வந்துவிட்டது. நாங்கள் தேசத்தை விட்டுப் போகலாம் என்று நம்முடைய இலாகாவிலிருந்து வரவேண்டிய அனுமதிக்குத்தான் பதினோரு வாரம் பிடித்தது. அந்த ஆபீஸ் எது என்று எழுதுவதில் பிரயோஜனம் இல்லை. உத்தியோகஸ்தர்களின் குடும்பத்தார் ஒவ்வொருவரும் தத்தம் ஆபீஸைத்தான் நினைத்துக்கொள்ளப் போகிறார்கள்.

பெட்டி விஷயத்தில் ஒரே ஒரு யோசனை. சிக்கன விமானங்களில் கையோடு ஆளுக்கு ஏழு கிலோ வரை கட்டணமின்றி எடுத்துச் செல்லலாம். இந்தப் பிரயாணத்தில் கோலாலம்பூரில் அடிக்கடி விமானம் மாற வேண்டியிருந்தபடியால், ஏழு கிலோவுக்கு மேல் கூடாது என்று முடிவு செய்தோம். என் பெட்டியில் சரித்திரப் புத்தகங்கள் மட்டும் நாலு கிலோ. மளிகைக் கடைத் தராசில் நிறுத்துப் பார்த்துவிட்டு, இரண்டு கிலோவை என் மனைவி அலமாரிக்குத் திருப்பி அனுப்பினாள். அவள் பெட்டியில் ஊறுகாய்ப் புட்டி ஒன்று கடைசி வரையில் இருந்தது. அதைப் பற்றி விவாதம் நடக்கவில்லை.

பினாங்கில், ஜார்ஜ் டவுன் பட்டணத்தில், பினாங்குத் தெரு என்றே ஒரு தெரு இருக்கிறது. செட்டியார்களின் கிட்டங்கிகள் அங்கேதான் வரிசையாக இருந்தன. இப்போது அந்தப் பக்கம் முழுவதும் மல்லிகைப் பூவும் பலகாரக் கடையும் சினிமாப் பாட்டுமாக நம்மூர்க் கடைத்தெருவாகவே இருக்கிறது. 2008-இல் யுனெஸ்கோ அந்த நகரத்தை உலகப் பாரம்பரிய ஸ்தலமாக ஏற்றதனால் பழைய வீடுகள் பல தப்பின. பாட்டனார் வேலை பார்த்த கிட்டங்கி எது என்று எங்களுக்குத் தெரியாது. பழைய வீடு ஒன்றின் உள்ளே, தரையில் பாய் விரித்துப் பெட்டியடி போட்டிருந்த மாதிரியே இருந்த ஒரு கூடத்தை வாசலிலிருந்து பார்த்தோம். அங்கிருந்து கடற்கரைத் துறை நடந்து போகும் தூரம். ஐந்து நாளும் மாலையில் அந்தத் துறைக்குப் போய் உட்கார்ந்திருந்தோம். மேற்கே பார்த்தால் ஊர்தான் தெரிகிறது, கடல் தெரிவதில்லை. துறை கிழக்கே மலாய்க் கரையை நோக்கி இருக்கிறது.

ஒரு நாள் கெடாவுக்குப் போய் மெர்போக் என்னும் இடத்தில் பூஜாங் பள்ளத்தாக்கைப் பார்த்தோம். பழைய கோயிலை அங்கே 'சண்டி' என்கிறார்கள். (நம்மூரில் இந்தச் சொல் மாட்டுக்குத்தான் ஏற்பட்டது என்பதை என் மனைவி நினைவூட்டினாள்.) கருங்கல் அடித்தளங்கள்தான் மிச்சம், மேலே மரத்தால் கட்டியிருந்தவை மக்கிப் போயிருக்க வேண்டும். அருகே 1,217 மீட்டர் உயரத்துக்கு ஜெராய் மலை நிற்கிறது. கடலில் வெகு தூரத்துக்கு முன்பே மாலுமிகள் கண்ட அடையாளம் அது. ராஜேந்திர சோழனின் கப்பல் படை கடாரத்தின் மேல் போனது 1025-ஆம் வருஷத்து வாக்கில். நாங்கள் போனது சரியாக ஆயிரம் வருஷம் கழித்து. படையெடுத்துப் போன பெருமையைப் படிக்கும்போது நம் மாணவர்கள் கை தட்டுகிறார்கள். அந்த அடித்தளங்களின் நடுவே நின்றபோது எனக்குக் கை தட்டத் தோன்றவில்லை. இங்கே இருந்தவர்கள் அந்தப் பாய்மரங்களை எந்த முகத்தோடு பார்த்திருப்பார்கள் என்றுதான் தோன்றியது.

போரோபுதூரைப் பற்றி எழுதுவதற்கு எனக்கு இந்தப் பத்திரிகையில் இரண்டு இதழ் வேண்டும். ஒன்பதாம் நூற்றாண்டில் சைலேந்திர மன்னர்கள் எழுப்பிய அந்தக் கல் மலையில் 2,672 சிற்பப் பலகைகளும், 504 புத்தர் சிலைகளும், உச்சியில் சல்லடைக் கண் போட்ட 72 ஸ்தூபங்களும் உண்டு. கல் தேய்ந்து போகிறது என்று, 2023 முதல் மேலே ஏறுவோரை நாளொன்றுக்கு 1,200 பேர் என்று கட்டுப்படுத்தினார்கள். ஏறுபவர்களுக்குத் தாழை ஓலையில் பின்னிய மெல்லிய செருப்பு ஒன்று கொடுக்கிறார்கள். அதற்குப் பெயர் 'உபானத்'. சம்ஸ்கிருதத்தில் செருப்புக்குச் சொல்லும் அதே வார்த்தை! சிற்பங்களில் பக்கவாட்டில் மிதவை கட்டிய ஒரு கப்பல் இருக்கிறது. அதைப் பார்த்து அதே மாதிரி ஒன்று கட்டி, 2003-இலும் 2004-இலுமாக ஜாகர்த்தாவிலிருந்து ஆப்பிரிக்காவின் மேற்குக் கரை வரை ஓட்டிக்காட்டியிருக்கிறார்கள். அந்தக் கப்பல் இப்போது பக்கத்துக் காட்சிச் சாலையில் நிற்கிறது.

பௌர்ணமியன்று கூட்டம் நெரியும் என்று அறிந்து, நாங்கள் இரண்டு நாள் முன்னதாகவே மேலே ஏறிப் பார்த்துவிட்டோம். ஒரே ஊரில் ஐந்து இரவு தங்குவதன் பலன் இது. அன்றைய தினம் சும்மா வழியோரத்தில் நின்றால் போதுமாயிருந்தது. மெந்துத் கோயிலிலிருந்து பவோன் கோயிலைத் தாண்டிப் போரோபுதூருக்கு ஊர்வலம் போகிறது. மூன்று கோயில்களும் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் இருக்கின்றன. காவியுடைத் துறவிகள், பூத்தட்டு ஏந்திய பெண்கள், வாத்தியங்கள். வீட்டு வாசல்களில் தலையில் முக்காடிட்ட முஸ்லிம் பெண்கள் குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். எங்களுக்கு உட்கார நாற்காலி கொண்டுவந்து போட்டவரும் அப்படி ஒரு வீட்டுக்காரர்தான். இரவு காகிதக் கூண்டுகளுக்குள் தீபம் ஏற்றி வானத்தில் விட்டார்கள். அவை ஒவ்வொன்றாய் மேலே போய்ச் சிறுத்துக்கொண்டே இருந்தபோது என் மனைவி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "மதுரையில் இப்போது கூட்டம் கலைந்திராது" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிரம்பானனில் சிவன் கோயில் நாற்பத்தேழு மீட்டர் உயரம். வடக்கு அறையில் துர்க்கை, மேற்கில் கணபதி, தெற்கில் அகஸ்தியர். பொதிகை மலைக்கு உரியவர் என்று நாம் பாத்தியதை கொண்டாடும் முனிவர் தாடியோடும் தொந்தியோடும் ஜாவாவில் நின்றுகொண்டிருக்கிறார். மே மாதத்திலிருந்து அக்டோபர் வரை, அந்தக் கோபுரங்களைப் பின்னணியாகக் கொண்டு திறந்தவெளி மேடையில் ராமாயண நாட்டியம் நடத்துகிறார்கள். 1961-இல் ஆரம்பித்த ஏற்பாடு. ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். சீதையை ராவணன் தூக்கிக்கொண்டு போனபோது எனக்கு முன்னால் இருந்த ஜாவானிய மூதாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஹோய் ஆனில், ஒன்றும் செய்யாமல் இருக்கும் வாரம். வாரத்தில் ஒரு நாள் இருவரும் பிரிந்து போவது என்றும், ராத்திரி சாப்பாட்டின்போது பார்த்ததைச் சொல்வது என்றும் புறப்படுவதற்கு முன்பே பேசி வைத்திருந்தோம். நீண்ட பிரயாணத்தில் இது மிக அவசியம். முப்பது நாளும் இருபத்து நாலு மணி நேரமும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தால், சொல்வதற்குப் புதிதாக ஒன்றும் இராது. நான் நாற்பது கிலோ மீட்டர் தள்ளியிருக்கும் மி சோனுக்குப் போனேன். அவள் சந்தைக்குப் போனாள்.

மி சோன் என்பது மலைகள் சூழ்ந்த கிண்ணம் போன்ற பள்ளம். நாலாம் நூற்றாண்டில் பத்ரவர்மன் என்ற அரசன் பத்ரேசுவரன் என்று தன் பெயராலேயே சிவலிங்கம் வைத்த இடம். பிறகு பல நூற்றாண்டு காலம் சம்பா மன்னர்கள் செங்கல்லால் கோயில் கட்டிக்கொண்டே இருந்தார்கள். 1969 ஆகஸ்டில் அமெரிக்க விமானங்கள் போட்ட குண்டில் மிகப் பெரிய கோபுரம் சரிந்தது. குண்டு விழுந்த குழிகளில் புல் முளைத்திருக்கிறது. காசிமியேர்ஸ் க்வியாத்கோவ்ஸ்கி என்ற போலந்து தேசத்துக் கட்டடக் கலைஞர் ஒருவர் 1980-களில் வந்து, 1997-இல் இறக்கும் வரை இந்தச் செங்கல்களோடு மன்றாடினார். அவருக்கு ஹோய் ஆனில் சிலை வைத்திருக்கிறார்கள். நம் தொல்பொருள் இலாகாவினர் பிற்பாடு திருப்பணி செய்தபோது, 2020-இல், ஒன்பதாம் நூற்றாண்டுச் சிவலிங்கம் ஒன்று முழுசாக மண்ணிலிருந்து வெளிப்பட்டது.

இரவு இதையெல்லாம் நான் பிரசங்கம் செய்து முடித்த பிறகு, அவள் சந்தைப் பெண்மணி ஒருத்தி பசலைக் கீரையை எந்த இடத்தில் கிள்ளுகிறாள் என்பதைச் சொன்னாள். பௌத்தர்கள் மாதத்தில் இரண்டு நாளாவது மரக்கறி உண்பதால் 'சாய்' என்று பலகை போட்ட கடைகளில் மீன் வாடையே இராது என்றும் கண்டுபிடித்து வந்திருந்தாள். கம்போஜத்தில் இந்தச் சௌகரியம் குறைவு. 'பிராஹோக்' என்னும் மீன் விழுது எந்தக் குழம்பில் ஒளிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஊறுகாய்ப் புட்டி தன் கடமையைச் செய்தது அங்கேதான்.

அங்கோரில் 2025-இல் ஒரு நாள் சீட்டு 37 டாலர், மூன்று நாளுக்கு 62, ஏழு நாளுக்கு 72. பத்து டாலருக்கு நாலு நாள் கூடுதல்! ஏழு நாள் சீட்டாகவே வாங்கினோம். இதனால் ஒரே நாளில் ஓடி ஓடிப் பார்க்கும் அவஸ்தை தீர்ந்தது. காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம். நடுவில் மழையும் தூக்கமும். இரண்டாம் சூரியவர்மன் பன்னிரண்டாம் நூற்றாண்டில் திருமாலுக்குக் கட்டிய அங்கோர் வாட் மேற்குப் பார்த்த கோயில். எல்லோரும் சூரியோதயத்துக்கு அங்கே முண்டியடிக்கிறார்கள். அப்போது கோபுரங்கள் கறுப்பாகத்தான் தெரியும். பிற்பகலில் போனால் வெயில் முகத்தில் விழுந்து கல் பொன்னாகிறது, கூட்டமும் இல்லை. கிழக்குப் பிராகாரத்தின் தென் பாதியில் நாற்பத்தொன்பது மீட்டர் நீளத்துக்குப் பாற்கடலைக் கடைகிறார்கள். தொண்ணூற்றிரண்டு அசுரர்கள் ஒரு பக்கம், எண்பத்தெட்டுத் தேவர்கள் மறு பக்கம். எண்ணிச் சரிபார்த்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. கூரையுள்ள பிராகாரமாதலால் நிதானமாக எண்ண முடிந்தது.

மே 31-ஆம் தேதி வீடு வந்து சேர்ந்தோம். தபாலாபீஸ் பணத்தில் எழுபதாயிரத்துச் சொச்சம் மிஞ்சியிருந்தது. அம்மா சௌக்கியமாக இருந்தாள். இந்த ஒரு மாதத்தில் தமக்கைக்குத்தான் இளைத்திருந்தது. பினாங்கில் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினோம். துறையின் படத்தை அம்மா வெகு நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். பாட்டனார் கப்பலில் போனபோது ஐந்தாறு நாள் ஆயிற்று என்று கேட்டிருக்கிறாள்.

"நீங்கள் போனபோது எத்தனை நாள் ஆயிற்று?"

2024 டிசம்பரில் சென்னையிலிருந்து பினாங்குக்கு நேர் விமானம் விட ஆரம்பித்திருந்தார்கள், அதில்தான் போனோம். "ஏறக்குறைய நாலு மணி நேரம், அத்தை" என்றாள் என் மனைவி.

அம்மா படத்தைக் கீழே வைத்தாள்.

"அவ்வளவு கிட்டவா இருந்தார்?" என்று கேட்டாள்.